வடக்குச் சுவருக்கு மட்டும் பூச்சு இல்லை

1

இந்த மாதம் எங்கள் வீட்டில் பேச்செல்லாம் சுவரைப் பற்றித்தான். ஈப்போவில் எங்களுடையது மூலைக்கடை. கீழே மளிகை, மேலே குடியிருப்பு. மூலைக்கடை வியாபாரத்துக்கு நல்லது என்பார்கள். மழைக்கு அதைவிட நல்லது. வரிசையின் நடுவில் இருக்கிறவர்களுக்கு முகப்பும் பின்புறமும் நனைந்தால் போதும். எங்களுக்குச் சந்துப் பக்கச் சுவரும் சேர்ந்து நனையும். பூச்சு பொருக்குத் தட்டி உதிர்ந்துகொண்டிருந்தது. வாசல் வழியாக மீன் வாங்கப் போன ஒரு மலாய்க்கார அம்மாளின் குடைமேல் ஒரு வில்லை விழுந்த பிறகு நகரசபையிலிருந்து கடிதம் வந்துவிட்டது. வெளிச்சுவர்களைச் சீர்செய்யாமல் கடை லைசென்ஸைப் புதுப்பிக்க முடியாதாம்.

கடிதம் ஆங்கிலத்தில் இருந்தது. என் மகள் சரஸ்வதி படித்துச் சொன்னாள். அவள் இப்போது எங்கள் வீட்டுக்கு வரும் காகிதங்களுக்கெல்லாம் அதிகாரி. ஒரு வரியைப் படித்துவிட்டு, இதைத் தமிழில் எப்படிச் சொல்வது என்று முகட்டைப் பார்ப்பாள். கடைசியில் பாதி மலாயில் சொல்வாள். அவளுக்குத் தமிழ் தெரியாமல் இல்லை. அவசரத்துக்கு அது வருவதில்லை, அவ்வளவுதான்.

சீனக் கண்டிராக்டர் ஒருவர் வந்து சுவரை அளந்தார். வெறும் சிமெண்டுப் பூச்சுக்கு ஒரு விலை, மேலே சாயம் அடித்தால் ஒரு விலை, கல்துருவல் கலந்து பூசிக் கழுவி எடுக்கும் ஷாங்காய் பிளாஸ்டருக்கு இன்னொரு விலை என்று மூன்றையும் எழுதிக் கொடுத்தார். எங்கள் வீட்டுக்காரர் மூன்றையும் பார்த்துவிட்டு நாலாவதாக ஒரு விலை இருக்குமா என்று கேட்டார். அவர் புளிக்கே அப்படித்தான் பேரம் பேசுவார்.

கண்டிராக்டருக்கு அது பழகிப்போன விஷயம். சந்துப் பக்கச் சுவரை இப்போதைக்கு விட்டுவிடலாம், அதை யார் பார்க்கப்போகிறார்கள், செலவும் குறையும் என்று கடைத்தெருவில் எல்லோரும் பேசுகிற பசார் மலாயில் சொன்னார். நான் அரிசி மூட்டைக்குப் பின்னால் நின்றிருந்தேன். எந்தச் சுவரையும் விடக்கூடாது, மூன்றையும் பூசு, இல்லாவிட்டால் ஒன்றையும் தொடாதே என்று எங்கள் ஊர்ப் பேச்சிலேயே வெடித்துவிட்டேன். ஒரு சொல்லும் புரியாமலே அந்த மனிதர் தலையாட்டினார்.

எங்கள் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். அதற்குப் பிறகு பேரம் பேசவில்லை. அவருக்குக் காரணம் தெரியும்.

2

குளத்தூர்த் தாலுகாவில் எங்கள் ஊர். என் அப்பா ரங்கூனில் ஓர் அரிசி மில்லில் காசாளராக இருந்தார். மூன்று வருடத்துக்கு ஒருமுறை வருவார், வந்தால் சுவர் எழும்பும். அப்படித்தான் எங்கள் வீடு கட்டப்பட்டது. செங்கல்லும் மண் சாந்தும் வைத்துக் கட்டிய சுவர். மண் சாந்துச் சுவருக்கு வெளிப்பூச்சுதான் உயிர். அது இல்லாவிட்டால் மழை செங்கல்லுக்கு நடுவிலிருக்கும் மண்ணைக் கரைத்துக்கொண்டு போய்விடும், செங்கல் பல்வரிசை மாதிரி இளித்துக்கொண்டு நிற்கும்.

கூரை ஏறியதும் பால் காய்ச்சிக் குடிபோனோம். வெளிப்பூச்சுக்குப் பணம் பற்றவில்லை. இன்னும் ஒரு பயணம் போய் வந்தால் பூசிவிடலாம், பூசிய பிறகு ஊரைக் கூட்டிச் சோறு போடலாம் என்று அப்பா கணக்குப் போட்டார். சாரம் கட்டச் சுவரில் விட்டிருந்த ஓட்டைகளைக்கூட அடைக்க வேண்டாம், திரும்ப வந்து சாரம் கட்டத்தானே போகிறோம் என்று சொல்லிவிட்டுக் கப்பலேறினார். யுத்தம் பர்மாவுக்கு வந்த வருடம் அது.

பிறகு அவரிடமிருந்து தகவல் இல்லை. ரங்கூனில் குண்டு விழுந்ததையும் நம் ஆட்கள் காட்டு வழியாக நடந்தே வந்ததையும் நீங்கள் எல்லோரும் கேள்விப்பட்டிருப்பீர்கள். உங்களில் பலருடைய வீட்டிலிருந்தும் யாராவது ஒருவர் அந்த வழியில் நடந்திருப்பார். விராலிமலைக்காரர் ஒருவர் எலும்பும் தோலுமாக வந்து சேர்ந்தார். வழியில் ஓர் ஆற்றங்கரை முகாமில் அப்பாவைப் பார்த்ததாகச் சொன்னார். காலில் புண்ணாம். ஒரு மரத்தில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டு, "நீங்க முன்னாடி போங்க, நான் பின்னாடியே வாரேன்" என்றாராம்.

அவ்வளவுதான் எங்களுக்குக் கிடைத்தது. செத்தார் என்று யாரும் சொல்லவில்லை. என்னைப் பெற்ற ஆத்தா அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது. யுத்தம் முடிந்து எனக்குக் கல்யாணம் ஆனபோது சித்தப்பாவும் சின்னாத்தாவும்தான் என்னைத் தாரை வார்த்துக் கொடுத்தார்கள். ஆத்தா பூவும் பொட்டுமாகப் பந்தலில் நின்று, அப்பா வந்ததும் தனியாக ஒருநாள் விழுந்து கும்பிட்டுக்கொள்ளுங்கள் என்று மாப்பிள்ளையிடம் சொன்னது. அவர் சரி என்றார். வேறென்ன சொல்வார்.

3

மலாயாவுக்கு வந்த பிறகு எனக்கு ஒரே நினைப்பு அந்தச் சுவர்தான். ஐப்பசி பிறந்தால் இங்கே எனக்குத் தூக்கம் கெடும். வடக்கேயிருந்து அடிக்கிற மழை எங்கள் வீட்டு வடக்குச் சுவரைத்தான் முதலில் பிடிக்கும். அந்தச் சுவருக்கு உள்பக்கம்தான் ஆத்தா படுக்கும். சுவர் ஊறி உள்ளே சாய்ந்தால் கேட்க நாதியில்லை. கடையில் மிச்சம் பிடித்து, எஸ்டிமேட் வாங்கி அனுப்பு ஆத்தா, பணம் அனுப்புகிறேன் என்று எழுதுவேன். வாத்தியாரை வைத்து ஆத்தா பதில் எழுதும்.

எங்கள் ஊர் இருந்த சமஸ்தானம் இந்தியாவோடு சேர்ந்த வருடம் முதல் எஸ்டிமேட் வந்தது. கொத்தனார் சிமெண்டு கேட்கிறார், சிமெண்டுக்குப் பெர்மிட் வேண்டும், பெர்மிட் கேட்டால் மகாராஜா காலத்து அதிகாரி போய்விட்டார், காகிதமெல்லாம் திருச்சிக்குப் போய்விட்டது என்கிறார்கள், அதனால் பார்த்துச் செய்யலாம் என்று ஆத்தா எழுதியிருந்தது. சரி, சர்க்கார் மாறினால் அப்படித்தான் என்று விட்டேன். அடுத்த தடவை சுண்ணாம்பு விலை ஏறிவிட்டதாம். அதற்கடுத்த எஸ்டிமேட்டில் கொத்தனார் வெல்லம் அதிகம் போட்டிருக்கிறாராம். சுண்ணாம்பில் கலக்கிறேன் என்று வாங்கி ஆட்களே தின்றுவிடுவார்களாம். இன்னொரு கொத்தனார் வந்தார், அவருக்குக் கண் சரியில்லையாம். ஒரு வருடம், சாந்துக்கு ஊறவைக்கிற கடுக்காய் சொத்தையாம்.

இப்படியே போனது. பக்கத்து ஊர்களில் எந்தக் கொத்தனாரையும் ஆத்தா விடவில்லை. எல்லோரும் வந்து சுவரை அளந்து, மோர் குடித்து, விலை சொல்லிவிட்டுப் போனார்கள். அனுப்பிய பணத்தை ஆத்தா அப்படியே தபாலாபீஸில் போட்டு வைத்தது. எங்கள் வீட்டுக்காரர் என்னைக் கிண்டல் செய்வார், உங்கள் ஆத்தாவை இங்கே வரவழைத்தால் கடைக்குக் கொள்முதல் பார்க்க விடலாம் என்று. நானும் சிரிப்பேன். கருமித்தனம் என்றுதான் நினைத்தேன். கருமித்தனத்துக்கு மருந்து நேரில் போய் நிற்பதுதான் என்று முடிவுசெய்து, மலாயா சுதந்திரமடைந்த மறு வருடம் பினாங்கில் கப்பலேறினேன். சரஸ்வதியையும் கூட்டிப்போனேன்.

4

தை மாதம் போய் இறங்கினோம். வாடை இன்னும் ஓயவில்லை. வீட்டுக்குள் நுழைந்ததும் முதலில் கேட்டது அந்தச் சத்தம். வடக்குச் சுவரில் சாரத்துக்கு விட்ட ஓட்டைகளில் காற்று புகுந்து, காலிப் போத்தலின் வாயில் ஊதினால் வருமே, அப்படி ஒரு சத்தம். ஓர் ஓட்டையில் கனமாக, ஒன்றில் மெலிதாக. காற்று இழுத்து விடும்போது யாரோ தொண்டையைச் செருமிக்கொண்டு பேச ஆரம்பிக்கப்போகிறார் என்று தோன்றும். பேச்சு வராது. சரஸ்வதி முதல் நாள் அழுதாள், தாத்தா சுவருக்குள் இருக்கிறாரா என்று கேட்டாள். ஆத்தா அந்தப் பக்கம் திரும்பி ஒரு கணம் நின்றுவிட்டு அடுப்படிக்குப் போனது.

நான் மறுநாளே கொத்தனார் ஆரோக்கியசாமியைக் கூப்பிட்டு விலை பேசி முடித்தேன். மேல்பூச்சில் முட்டை வெள்ளைக்கரு சேர்த்துப் பளிங்குபோல் தேய்ப்பதெல்லாம் திருமயம் பக்கத்துப் பெரிய வீடுகளுக்கு. எங்களுக்குக் கடுக்காய்த் தண்ணீரும் வெல்லமும் போதும். சுண்ணாம்பு ஊறப்போட்டோம். மாடு கட்டிச் சாந்து அரைத்தார்கள். ஆரோக்கியசாமி வாய் ஓயாத ஆள், வேலையைவிடச் சுருட்டுக்கு இறங்கிய நேரம் அதிகம். ஆனாலும் கிழக்குச் சுவர் முடிந்தது, தெற்கு முடிந்தது, மேற்கும் முடிந்தது. ஆத்தா ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. ஆட்களுக்குச் சோறாக்கிப் போட்டது. நான் வந்து நின்றதும் வழிக்கு வந்துவிட்டது பார்த்தாயா என்று எனக்குள் பெருமையாகக்கூட இருந்தது.

சாரத்தை வடக்குப் பக்கம் மாற்றிய காலையில் ஆத்தா குளித்து, மஞ்சள் பூசி, குங்குமம் வைத்துக்கொண்டு போய் அந்தச் சுவரில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்துவிட்டது. ஆரோக்கியசாமி கரண்டியும் கையுமாக நின்றார். "கொத்தனாரே, நீங்க அங்கிட்டு நிழல்ல போய் இருங்க" என்று ஆத்தா மரியாதையாகத்தான் சொன்னது. நான் கோபமாகப் போய்க் கேட்டேன், ஆத்தா காலை நீட்டி இன்னும் நன்றாகச் சாய்ந்துகொண்டது.

அந்த நேரத்தில் சித்தப்பா வந்தார். கையில் வெற்றிலைபாக்கும், ஐயரிடம் குறித்து வாங்கிய நாளும். சித்தப்பாவைக் கெட்டவர் என்று நினைத்துவிடாதீர்கள். எங்களுக்கு அவர் செய்ததை இன்னொருவர் செய்திருக்கமாட்டார். அவர்தான் எனக்கு விஷயத்தைச் சொன்னார்.

ஆள் போய்ப் பன்னிரண்டு வருடம் தகவல் இல்லையென்றால், தர்ப்பையில் உருவம் செய்து எரித்துக் கருமாதி செய்துவிடுவது எங்கள் பக்கத்து வழக்கம். நான் மலாயாவுக்கு வந்த கையோடே சித்தப்பா, அந்தக் கெடு முடிந்ததும் செய்துவிடலாமா என்று ஆத்தாவிடம் போய்க் கேட்டிருக்கிறார். ஆத்தா மறுக்கவில்லை. அரைகுறையாக நிற்கிற வீட்டில் அவர் காரியத்தைச் செய்ய வேண்டாம், முதலில் வெளிப்பூச்சு முடியட்டும், முடிந்ததும் நீங்கள் சொல்கிறபடி செய்யலாம் என்று வாக்குக் கொடுத்திருக்கிறது. சித்தப்பாவும் நியாயம்தான் என்று பொறுத்திருக்கிறார். வருடா வருடம் கொத்தனார் வருவதையும் போவதையும் பார்த்துக்கொண்டு பொறுத்திருக்கிறார். இப்போது மகள் வந்து பூச்சை முடிக்கிறாள், மலாயாவுக்குத் திரும்புவதற்குள் காரியத்தை முடித்துவிடலாம் என்று நாளோடு வந்துவிட்டார்.

எனக்குச் சுண்ணாம்பு விலை, வெல்லம், சொத்தைக் கடுக்காய் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக நினைவுக்கு வந்தன. ஆத்தா என் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தது. பிறகு சொன்னது:

"பூசு தாயி. ஒனக்கு ஆசையா இருந்தா பூசு. பூசி முடிச்சதும் எனக்கு ஒரு வெள்ளைச் சேலையும் எடுத்துட்டு வா."

5

சித்தப்பா துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். பிறகு ஆத்தாவைப் பார்க்காமல் என்னைப் பார்த்துப் பேசினார்.

"தாயி, மதினி சொல்றது எனக்குப் புரியாம இல்ல. ஆனா அண்ணன் என் கனவுல வாராரு. உதடெல்லாம் வெடிச்சுப்போய் நிக்கிறாரு. தம்பி, ஒரு வாய் தண்ணி குடுன்னு கேக்குறாரு. செம்பைத் தூக்குனா என் கை எந்திரிக்க மாட்டேங்குது. ஒங்க ஆத்தா பொட்டு நிக்கணும்னு அவரைத் தாகத்துல நிறுத்தி வச்சிருக்கீங்க. அதை மட்டும் மறந்துராதீங்க."

அந்தச் சுவர் விஷயத்தில் இந்தப் பக்கம் ஆத்தா, அந்தப் பக்கம் சித்தப்பா. இரண்டு பேரும் அப்பாவைத்தான் காப்பாற்றப் பார்த்தார்கள். ஒருவருக்கு அவர் வரப்போகிறவர், இன்னொருவருக்குப் போகமுடியாமல் நிற்கிறவர். காற்று அந்த ஓட்டைகளில் புகுந்து வந்தது. ஆத்தாவுக்கு அதில் என்ன கேட்டது, சித்தப்பாவுக்கு என்ன கேட்டது என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. எனக்கு வெறும் காற்றுதான் கேட்டது.

நான் உயிரோடு கண்ணெதிரே இருக்கிற ஆளின் பக்கம் நின்றேன். சாரத்தை அவிழ்க்கச் சொன்னேன். ஆரோக்கியசாமி, ஒரு பக்கம் மட்டும் விட்டால் கட்டினவன் பேர் கெட்டுப்போகும் என்று சண்டைக்கு வந்தார். முழுக் கூலியும் கொடுத்ததும் பேர் கெடுவதைப் பற்றிப் பேசவில்லை. சித்தப்பா வெற்றிலைபாக்கை அப்படியே வைத்துவிட்டுப் போனார். நான் கப்பலேறும்வரை வீட்டுக்கு வருவார், எல்லாம் பேசுவார். சுவரைப் பற்றி மட்டும் பேசமாட்டார்.

மழைக்கு ஒரு வழி செய்ய வேண்டுமே. ஒவ்வொரு ஐப்பசிக்கும் முன்னால் பனையோலைத் தட்டி முடைந்து வடக்குச் சுவர் முழுக்கக் கட்டிவிடுவது, தை கழிந்ததும் அவிழ்த்துவிடுவது என்று ஏற்பாடு. அவிழ்க்காமலே விடலாம்தான். ஆத்தா சம்மதிக்கவில்லை. அவிழ்த்தால்தான் சுவர் பூசாமல் நிற்பது ஊருக்குத் தெரியும். ஓலைக்கும் ஆட்கூலிக்கும் வருடா வருடம் இங்கிருந்து பணம் போனது. பூச்சுக்கு ஆகும் செலவைவிட இது எத்தனையோ மடங்கு ஆகிவிட்டது. எங்கள் வீட்டுக்காரர் ஒரு தடவைகூட முகம் சுளிக்கவில்லை. புரட்டாசி வந்தால், உங்கள் அப்பாவுக்குச் சட்டை எடுக்க வேண்டாமா என்று அவரே கேட்பார்.

போன வருடம் ஆத்தா போய்விட்டது. நல்ல காய்ச்சல், மூன்றாம் நாள் முடிந்துவிட்டதாம். தந்தி என் கைக்கு வரும்போது எல்லாம் ஆகிவிட்டது. சின்னாத்தா பிறகு எழுதியிருந்தது. கூறைச் சேலை கட்டி, தலை நிறையப் பூ வைத்து, நெற்றி நிறையக் குங்குமத்தோடு அனுப்பினார்களாம். ஊர்ப் பெண்கள் எல்லோரும் காலைத் தொட்டுக் கும்பிட்டு மஞ்சள் வாங்கிக்கொண்டார்களாம். சித்தப்பா எதற்கும் குறுக்கே நிற்கவில்லை. ஆத்தா நினைத்தபடியே போனது என்று நான் அழுதேன். அழுகைக்கு நடுவில் ஜெயித்துவிட்டோம் என்றும் ஒரு நினைப்பு வந்தது, சொல்வதற்கென்ன.

6

இப்போது ஆத்தாவின் தலைத் திவசம் முடிந்துவிட்டது. சித்தப்பா எனக்கு எழுதியிருக்கிறார். மதினிக்காகப் பொறுத்தேன், இனி யாருக்காகப் பொறுக்க வேண்டும், நீ ஒரு வார்த்தை சரி என்று எழுதினால் வடக்குச் சுவரை என் செலவிலேயே பூசி, அண்ணனுக்குச் செய்ய வேண்டியதைச் செய்துவிடுகிறேன், எனக்கும் வயதாகிறது என்று. அதில் ஒரு சொல்கூடத் தப்பு இல்லை. இரண்டு மாதமாக நான் பதில் போடவில்லை.

ஈப்போவில் கடைக்கு வேலை முடிந்துவிட்டது. மூன்று பக்கமும் ஷாங்காய் பிளாஸ்டர், மழை பட்டால் கழுவின கல்மாதிரி மின்னுகிறது. லைசென்ஸும் வந்துவிட்டது. அதோடு இந்த ஊர்ப் பிரஜா உரிமைக்கும் எழுதிப்போடச் சொல்லி எல்லோரும் விரட்டுகிறார்கள். போன வாரம் அதற்காகச் சரஸ்வதியைக் கூட்டிக்கொண்டு ஆபீஸுக்குப் போனேன். பெஞ்சில் உட்கார்ந்து அவள் எனக்காக எழுதினாள். என்னைக் கேட்கவே இல்லை, மளமளவென்று எழுதினாள். அப்பா பெயருக்குப் பக்கத்தில் என்ன எழுதினாய் என்று கேட்டேன்.

"இறந்துட்டார்னு போட்டேன்மா. வேற என்ன போடுறது."

அதை அடி, உயிரோடு இருக்கிறார் என்று எழுது என்றேன். அவள் என்னைப் பார்த்தாள். அவளுக்கும் எல்லாம் தெரியும், அன்றைக்குச் சாரத்துக்குப் பக்கத்தில் நின்றுதானே பார்த்துக்கொண்டிருந்தாள். அடித்து எழுதினாள். ஜன்னலில் இருந்த மலாய்க்காரப் பையன் அதைப் பார்த்துவிட்டு, உயிரோடு இருந்தால் விலாசம் வேண்டும் என்று மரியாதையாகத்தான் கேட்டான். நான் எங்கள் ஊர் வீட்டு விலாசத்தைச் சொன்னேன். வாய் குழறவில்லை.

வெளியே வந்து பஸ்ஸுக்கு நிற்கும்போது சரஸ்வதி கேட்டாள். அவள் குரலில் கோபம் இல்லை, அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. "அப்ப உங்க ஆத்தாவுக்காகச் செஞ்சீங்க, சரி. ஆத்தாவே போயிட்டாங்க. இப்ப யாருக்காக அந்தச் சுவர் அப்படியே நிக்கணும்?"

பஸ் வந்தது, ஏறி உட்கார்ந்தோம். சொல்லாமல் விட்டுவிடலாம் என்றுதான் பார்த்தேன், முடியவில்லை.

"ஒங்க தாத்தா, எங்க சித்தப்பாகிட்டக் கனவுல வந்து தண்ணி கேக்குறாரு. ஆத்தாகிட்டச் சுவர் வழியா வந்து பேசுனாரு. நான் அவரு பெத்த மக. இத்தனை வருஷத்துல எங்கிட்ட ஒரு தடவை வந்ததில்ல. எங்கிட்ட வந்து ஒரே ஒரு தடவை கேக்கட்டும், அன்னைக்கே பூசச் சொல்லி எழுதிர்றேன்."

சரஸ்வதி கடைவீதி வரும்வரை என் கையைப் பிடித்துக்கொண்டே வந்தாள்.